அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே ஹாஷ்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

எங்களிடம் பழைய சி பிளஸ் பிளஸ் லைப்ரரி ஒன்று இருக்கிறது. ஒரு பெயரைக் கொடுத்தால் எஸ்எச்ஏ-256 முறையில் ஹாஷ் போட்டுத் தரும், அதாவது பெயரின் பைட்களிலிருந்து கணக்கிட்ட 64 எழுத்து அடையாளம். அதை மைக்ரோசாஃப்டின் டாட் நெட்டிலிருந்து கூப்பிட, நடுவில் இரண்டோடும் பேசத் தெரிந்த சி பிளஸ் பிளஸ் சிஎல்ஐ-யில் ஒரு பாலம் எழுதினேன். ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்தபோது இரண்டு பக்கமும் 64 எழுத்தும் அச்சு அசலாகப் பொருந்தின.

தமிழ்ப் பெயர்கள் வந்ததும் சிக்கல் தொடங்கியது. வேறு வேறு பெயருக்கு ஒரே ஹாஷ். எஸ்எச்ஏ-256இல் அவ்வளவு சுலபமாக மோதல் வராது. அப்படியென்றால் உள்ளே போகிற சரக்குதான் தப்பு. டிபக்கரில் (ஓடும் நிரலை நிறுத்திப் பார்க்கும் கருவி) நினைவகத்தைத் திறந்து பார்த்தேன். ‘அம்மா’ இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து பைட், ஐந்துமே 63. அதாவது ஐந்து கேள்விக்குறி. ‘அப்பா’வுக்கும் அதே ஐந்து. அந்த நிமிடம் வயிற்றைப் பிசைந்தது.

டாட் நெட் ஸ்ட்ரிங் உள்ளுக்குள் யூடிஎஃப்-16, அதாவது யூனிகோட் எழுத்துகளை 16 பிட் அலகுகளாக வைக்கும் முறை. அ, ம, புள்ளி, ம, கால் என்று ‘அம்மா’ ஐந்து அலகு. நான் கூப்பிட்ட ஸ்ட்ரிங்டுஎச்குளோபல்ஆன்சி என்ற ஃபங்ஷன் அதை விண்டோஸின் ஆன்சி கோட் பேஜுக்கு (பழைய, சிறிய எழுத்து அட்டவணை) மாற்றுகிறது. அந்தக் கணினியில் அது 1252. அதில் தமிழுக்கு இடமே இல்லை. எந்தப் பிழைச் செய்தியும் வராமல் ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிவிடும்.

இப்போது என்கோடிங் யூடிஎஃப்8-இன் கெட்பைட்ஸ் மூலம் பைட் அரே எடுத்து, நினைவகத்தைச் சுத்தம் செய்யும் கார்பேஜ் கலெக்டர் நகர்த்திவிடாதபடி பின்_பிடிஆர் போட்டு அதை அசையாமல் பிடித்து, பாயிண்டரையும் (அதன் முகவரி) நீளத்தையும் அனுப்புகிறேன். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ் அலகுக்கும் மூன்று பைட், அதனால் ‘அம்மா’வுக்கு நீளம் என்பது ஸ்ட்ரிங்கின் 5 அல்ல, அரேயின் 15. இதில் நான் ஒரு முறை தடுக்கி விழுந்தேன்.

பதில் 1

மார்ஷல்_ஆஸ் என்ற மாற்றும் ஃபங்ஷனை வைத்து எஸ்டிடி ஸ்ட்ரிங்காக (சி பிளஸ் பிளஸ்ஸின் சொந்த ஸ்ட்ரிங்) மாற்றினாலும் இதே கேள்விக்குறிதான் நண்பரே, அதுவும் ஆன்சி வழிதான். அப்புறம், வெற்றுப் பெயர் வந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். காலி அரேயின் முதல் உறுப்பைப் பின் பண்ணப் போனால் எல்லை மீறல் எக்ஸெப்ஷன் வரும். எங்களுக்கு வந்தது.

பதில் 2

என் கதை வேறு. டாட் நெட் ஸ்ட்ரிங்கின் கெட்ஹாஷ்கோட் தந்த எண்ணை டேட்டாபேஸில் சாவியாகச் சேமித்திருந்தோம். டாட் நெட்டின் புதிய வகையான டாட் நெட் கோருக்கு மாறினோம். சேவையை மறுபடி தொடங்கியதும் ஒரு சாவியும் பொருந்தவில்லை. அங்கே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அந்த எண் மாறும். அது நினைவகத்தில் டிக்ஷனரிக்காக (சாவியை வைத்து மதிப்பைத் தேடும் பட்டியல்) இருப்பது, சேமிப்பதற்கு அல்ல.

இன்னொன்று. ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது, பைட் வேறு, ஹாஷ் வேறு. ஹாஷ் போடும் முன் நார்மலைஸ் பண்ணி, இரண்டையும் ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

மீண்டும் நான்

‘கொ’ சங்கதி எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. சேமித்த பெயர்களில் தேடிப் பார்த்தேன்; இரண்டு வடிவமும் கலந்து கிடக்கின்றன. மூலப் பெயர்கள் அப்படியே இருப்பதால் எல்லா ஹாஷையும் புதிதாகப் போட முடியும். இன்று இரவே ஓடவிடுகிறேன். காலி அரேக்குத் தனிச் சோதனையும் சேர்த்தாயிற்று.