100 மில்லிமீற்றர் எங்கே பெய்தது?

கிரான்_வட்டை
மட்டக்களப்பில் எங்கள் பக்கத்துக்கு இந்த மாரியில் மூன்று தடவை "கிழக்கில் 100 மில்லிமீற்றருக்கு மேல் பலத்த மழை" என்று வளிமண்டலவியல் திணைக்களத்தார் அறிவித்தார்கள். மூன்று தடவையும் மாடுகளை மேட்டுக்கு ஏற்றினேன். முதல் தடவை தூறல். இரண்டாம் தடவை நல்ல வெயில், மனைவி நெல் காயப் போட்டாள். மூன்றாம் தடவை ஏதோ பெய்தது, வாய்க்கால்கூட நிறையவில்லை. நாலாவது தடவை 75 என்றுதான் சொன்னார்கள். சரி, இதுவும் அப்படித்தான் என்று படுத்துவிட்டேன். விடிய எழும்பினால் புலிபாய்ந்தகல் வீதியைக் காணவில்லை, தோணி ஓடுகிறது. எங்கள் ஊரில் அன்றிரவு சட்டை நனையும் அளவுக்குக்கூட மழை இல்லை!
எறும்பு முட்டை காவுவதைப் பார்த்து என் அப்பப்பா சொன்னது இதைவிடச் சரியாக இருந்தது. இந்த அறிவிப்புகளை இனியும் நம்பச் சொல்கிறீர்களா?

மழைமானி
தம்பி, உங்கள் கேள்விக்கான விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஊரில் மழை இல்லை, வெள்ளம் வந்தது. அப்படியென்றால் அது உங்கள் ஊர் மழை இல்லை. முந்தனை ஆற்றின் நீரேந்து பரப்பு ஏறத்தாழ 1,280 சதுர கிலோமீற்றர். மகா ஓயாப் பக்கத்து மேட்டு நிலத்தில் விழுவதெல்லாம் உங்கள் வயல் வட்டைக்குத்தான் இறங்கும். அந்தப் பரப்பு முழுவதிலும் 50 மில்லிமீற்றர் பெய்தால் எவ்வளவு என்று பாருங்கள்: 6 கோடியே 40 இலட்சம் கன மீற்றர். வயல்காரப் போடிமார் கணக்கில் சொன்னால் 52 ஆயிரம் ஏக்கர் அடிக்குக் கிட்ட, அதாவது அவ்வளவு ஏக்கரில் ஓரடித் தண்ணீர். நிலம் ஏற்கெனவே ஊறிக் கிடந்தால் அதில் பெரும்பங்கு ஆற்றுக்குத்தான் வரும். ஐப்பசியில் காய்ந்த மண்ணில் விழும் 100 ஒன்றும் செய்யாது. மார்கழி நடுவில் 50 போதும்.
அறிவிப்பை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். "சில இடங்களில்" என்று ஒரு சொல் இருக்கும். அதை ஒருவரும் வாசிப்பதில்லை.

கிரான்_வட்டை
சேர், வாசித்தேன். அந்தச் "சில இடங்கள்" எது என்று தெரிந்தால்தானே பிரயோசனம்? கிழக்கு மாகாணம் வெருகலிலிருந்து பாணமை வரைக்கும் போகிறது, திருகோணமலை வேறு. இவ்வளவு பெரிய வலை வீசினால் எங்கேயாவது ஒரு மீன் படும்தான்.

மண்டூர்_பேத்தி
அண்ணா, அந்த இடம் எது என்று முதல் நாளே சொல்ல இன்றைக்கு உலகத்தில் யாராலும் முடியாது. ஐரோப்பியர்களின் வானிலைக் கணினி மாதிரி உலகத்தை ஏறத்தாழ 9 கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது, அமெரிக்காவின் மாதிரி 13 அளவில். அந்தக் கட்டத்துக்குள் நமுனுகுல மலையும் மடுல்சீமைச் சரிவும் தேய்ந்து மொட்டையாகிவிடும். வாடைக்காற்று கடலிலிருந்து ஈரத்தைக் கொண்டுவந்து மோதி ஏறுவது அந்தச் சரிவுகளில்தான். மலையைக் குட்டையாக்கினால் மழையும் குறைந்துதான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் இடியோடு வரும் மழை இன்னும் மோசம், சித்தாண்டியில் கொட்டும்போது ஏறாவூரில் தூசி பறக்கும்.
அதனால்தான் ஒரே கணக்கைத் தொடக்க நிலையில் சிறு சிறு மாற்றம் செய்து 50 தடவை ஓட்டுகிறார்கள். 50இல் 15 ஓட்டம் உங்கள் பக்கம் வெள்ளம் காட்டினால் 30 வீதம். பத்துத் தடவை அப்படிச் சொன்னால் ஏழு தடவை ஒன்றும் நடக்காது, அதுதான் சரியான எதிர்வுகூறல். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், எங்களுக்கு வரும் அறிவிப்பில் அந்த வீதம் இருப்பதில்லை. 30 என்றும் 90 என்றும் பிரித்துச் சொன்னால் மாடு ஏற்றுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவெடுப்பீர்கள். முகநூலில் சிலர் ஒரே ஒரு ஓட்டத்தின் சிவப்புப் படத்தைப் போட்டு "மட்டக்களப்பு மூழ்கும்" என்று எழுதுவது இன்னும் பெரிய அநியாயம்.

சம்மாந்துறை_நெல்லு
எல்லாரும் மழையைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் எதிர்க்கட்சி. 2024 நவம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை அடித்துக்கொண்டு போனது. மழை வரும் என்று சொல்லப்படவில்லையா? நாள்கணக்காகச் சொல்லப்பட்டது. தண்ணீர் வீதியில் நிற்பதும் எல்லாருக்கும் தெரியும். எதிர்வுகூறல் சரி, வீதிதான் திறந்து கிடந்தது. 9 கிலோமீற்றரை 1 கிலோமீற்றர் ஆக்கினாலும் அந்தப் பிள்ளைகள் அதே வீதியால்தான் வந்திருப்பார்கள்.

மண்டூர்_பேத்தி
காக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை.

மழைமானி
எனக்கு ஒரு பாதிப் பதில் இருக்கிறது. "100 மில்லிமீற்றர்" என்று சொன்னால் வீதியை மூடும் அதிகாரிக்கு அது ஒரு எண், அவ்வளவுதான். "இன்றிரவு மாவடிப்பள்ளியில் முழங்கால் தண்ணீர்" என்று சொன்னால் தடுப்பு போடுவார். மலைநாட்டில் மண்சரிவுக்கு அப்படி ஒரு படிமுறை இருக்கிறது: 24 மணித்தியாலத்தில் 75 தாண்டினால் ஒரு நிறம், 100க்கு இன்னொன்று, 150க்குச் சிவப்பு, உடனே வெளியேற வேண்டும். அப்படி இருந்தும் 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில்தான் அதிகம் செத்தார்கள், அதையும் மறைக்கவில்லை. ஆனாலும் எங்கள் தாழ்நிலத்தில் வீதிக்கு வீதி அப்படி ஒரு படிமுறையாவது வேண்டும்.

கல்லடி_வலை
வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? பாலமீன்மடுவில் மண் மேடு அடைத்துக் கிடந்தால் மேலே 20 மில்லிமீற்றர் பெய்தாலும் வாவிக்கு மேற்கே படுவான்கரை தண்ணீரில் தாழும்.

கிரான்_வட்டை
அப்ப நேரத்துக்கு வெட்ட விடுங்களேன்! ஒவ்வொரு வருடமும் பொறு பொறு என்று மறிப்பது உங்கள் ஆட்கள்தானே.

கல்லடி_வலை
ஏன் மறிக்கிறோம்? வெட்டினால் தண்ணீரோடு றாலும் போகும், மறுகா உப்புத் தண்ணீர் ஏறும். மழை வரும் என்று நம்பி முந்தி வெட்டி மழை வராவிட்டால் எங்கள் வருடம் முடிந்தது. உன் மாடு திரும்பி வரும், என் றால் வருமா? இன்னொன்று, வாடைக் காற்று மூன்று நாள் அடித்துக் கடல் பொங்கி நின்றால் வெட்டிய வாயாலும் தண்ணீர் வடியாது. அதையும் உங்கள் மாதிரியில் போடுங்கள், தங்கச்சி.

மண்டூர்_பேத்தி
போட வேண்டியதுதான். கடல்மட்டம், வாவி மட்டம், மண் ஈரம் மூன்றும் இல்லாமல் மழையை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். அதோடு கிழக்கைப் பார்க்க ஒரு ராடர் வேண்டும். புத்தளத்திலும் பொத்துவிலிலும் டொப்ளர் ராடர் அமைக்க ஜப்பானோடு ஒப்பந்தம் போட்டது 2017இல். நான் அப்போது பள்ளிக்கூடம், இப்போது கம்பஸ் முடிக்கிறேன்.

கிரான்_வட்டை
இதைத்தான் நானும் சொல்கிறேன். எல்லாம் வரும் வரைக்கும் எறும்பைப் பார்ப்பேன்.

மழைமானி
எறும்பு அடுத்த சில மணித்தியாலத்துக்கு உதவலாம், தம்பி. 2011 தைக்கு உதவவில்லையே. பொங்கல் வருகிறது, இனி மழை குறையும் என்று என் தகப்பனாரும் சொன்னார். அவர் 1957 வெள்ளத்தையும் 78 சூறாவளியையும் பார்த்தவர். அந்தத் தையில்தான் வெள்ளாவெளியிலிருந்து ஏறாவூர் வரைக்கும் கதிர் வர இருந்த குடலை நெல் அழுகிப் போனது. அது பசிபிக் கடல் குளிரும் பலத்த லா நினா வருடம். அப்படியான வருடங்களில் மழை தைக்கும் தள்ளிப்போகும் என்பது பசிபிக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எறும்புக்குப் பசிபிக் தெரியாது.

கிரான்_வட்டை
சரி, அந்தத் தையை நானும் மறக்கவில்லை. மூன்று ஏக்கர் போனது. ஆனால் நான் உண்மையில் நம்புவது எறும்பையும் இல்லை, மச்சானை. மகா ஓயாவில் கடை வைத்திருக்கிறான். "அடித்து ஊத்துது" என்று அவன் போன் எடுத்தால் மாட்டை அவிழ்த்துவிடுவேன். அந்த நாலாவது தடவை அவன் ஒரு கலியாணத்துக்குக் கொழும்பு போயிருந்தான்.

சம்மாந்துறை_நெல்லு
இவ்வளவு நேரம் திணைக்களத்தைத் திட்டிவிட்டு, கடைசியில் குற்றவாளி மச்சானா!

மழைமானி
சிரிக்காதீர்கள், இந்தத் திரியிலேயே பெரிய தகவல் இதுதான். தம்பி, மச்சானிடம் மேலும் கீழும் ஒரே அகலமான ஒரு டின்னை வெளியில், மரத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். காலை 8.30க்கு அடிமட்டத்தை விட்டு எத்தனை மில்லிமீற்றர் என்று பார்த்து அனுப்பட்டும், அளந்ததும் ஊற்றிவிட வேண்டும். திணைக்களம் அளக்கும் நேரமும் அதுதான், ஒப்பிடலாம். உறுகாமம் பக்கம் யாராவது இருந்தால் குளம் நிரம்பி வான் பாயும் நேரத்தையும் எழுதுங்கள். இரண்டு மாரி சேர்ந்தால் அங்கே எத்தனை பெய்தால் உங்கள் வீதி எப்போது தாழும் என்று ஒரு கணக்கு நானே போட்டுத் தருகிறேன்.

கிரான்_வட்டை
டின் இருக்கிறது சேர், பால்மா டின். அடிமட்டமும் இருக்கிறது. 8.30க்கு அவன் எழும்புவானா என்பதுதான் தெரியவில்லை.