பழைய ஸ்போர்ட்ஸ் கார் வெட்டி வெட்டி ஓடினால்: நம் மூவரின் அனுபவங்கள்

செந்தூல், யூனோஸ் ரோட்ஸ்டர் 1.6

பழைய கார் இழுவை இல்லாமல் திணறுகிறது, வெட்டுகிறது (ஓடும்போதே இடையிடையே சக்தி அறுந்து குலுங்குகிறது) என்று வாயைத் திறந்தால் போதும், "பெட்ரோல் பம்ப் மாத்துங்க", "ரோன் 97 அடிச்சுப் பாருங்க" என்று யோசனைகள் கொட்டும். பம்ப் விஷயம் இருக்கட்டும். ரோன் 97, அதாவது ஆக்டேன் எண் 97 உள்ள பெட்ரோல், அதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆக்டேன் எண் என்பது பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் தானாக வெடித்து எஞ்சின் தட்டாமல் இருக்கிற தன்மை. பிளக்கின் தீப்பொறியே ஒழுங்காக விழாத சிலிண்டரில் எதை ஊற்றினாலும் அது எரியாமல்தான் வெளியே போகும்.

என்னுடையது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் ஓடி, பிறகு ரீகானாக (இறக்குமதியான பழைய வண்டியாக) இங்கே வந்த வண்டி. மாஸ்டா 1989இல் கொண்டுவந்த எம்எக்ஸ்-5 தான், அங்கே யூனோஸ் என்ற பெயரில் விற்றார்கள். காலையில் எடுத்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. கோலாலம்பூரின் ஜாலான் கூச்சிங் நெரிசலில் ஊர்ந்து எஞ்சின் நன்றாகச் சூடேறிவிட்டால் கதை வேறு. காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் ஐந்தாவது கியரிலேயே வைத்து மிதித்தால் 2000, 2500 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) படபடவென்று வெட்டும். மூன்றாவதுக்கு இறக்கிக் கொஞ்சமாக மிதித்தால் ஒழுங்காக ஏறும். மழை நாளில் இன்னும் மோசம்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் ஒரு பையன் ஸ்கேனரோடு டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து வெகுநேரம் சாக்கெட் தேடினான். இந்த வயது வண்டியில் ஸ்கேனர் செருகும் ஓபிடி சாக்கெட் ஏது? பானெட்டுக்குள் இருக்கும் சின்ன டயக்னோசிஸ் பெட்டியைத் திறந்து, டிஇஎன், ஜிஎன்டி என்று எழுதிய இரண்டு முனைகளை ஒரு ஒயரால் இணைத்தால் கோளாறு எண் விளக்கில் மின்னும். மின்னவில்லை. உடனே "ஈசியூ போயிடுச்சு, ஹாஃப்கட் கடையில் ஒன்னு எடுத்துடலாம்" என்றார்கள். ஈசியூ என்பது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர், ஹாஃப்கட் கடை என்பது பழைய கார்களின் பாகங்கள் விற்கிற இடம். எண் வரவில்லை என்றால் கோளாறே இல்லை என்றோ ஈசியூ செத்துவிட்டது என்றோ அர்த்தம் கிடையாது. சென்சார் அறுந்தது போன்ற மின் கோளாறுகள்தான் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குத் தெரியும். சிலிண்டர் ஒன்று பொறி இல்லாமல் தவிப்பதைக் கண்டுபிடிக்கும் வேலையை அதற்கு யாரும் கொடுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் வயதான போமன் (மெக்கானிக்) அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "எப்ப வெட்டுது தம்பி? சூட்டிலயா, ஏத்தத்திலயா, மழையிலயா?" மேலே எழுதியதைச் சொன்னேன். "அப்ப பெட்ரோலைத் தொட வேணாம், பிளக் பக்கம் பார்ப்போம்" என்றார். என்னைக் கேட்டால் பாதி வேலை அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிட்டது. ஆழமாக மிதித்தால் சிலிண்டருக்குள் காற்று நிறையப் போகும், அழுத்தம் கூடும், பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக்குக்குப் போகும் கேபிளின் ரப்பர் பழசாகி இருந்தால் அந்த வோல்டேஜ் சுலபமான வழி பார்த்துப் பக்கத்து இரும்புக்குள் இறங்கிவிடும். சூடும் ஈரமும் அதற்கு ஒத்தாசை. நின்ற இடத்தில் எஞ்சினுக்குச் சுமை இல்லை, அதனால் ஒன்றும் தெரியாது. பெட்ரோல் பற்றாக்குறை இதற்கு நேரெதிர். ஆர்பிஎம் ஏற ஏறத்தான் மோசமாகும். அதுவும் சடக்கென்று வெட்டாது, யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல மெல்ல அமுங்கும்.

அவர் செய்த சோதனை: எஞ்சின் சூடாக ஓடும்போது பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். நல்ல சிலிண்டரைக் கழற்றினால் எஞ்சின் உடனே தள்ளாடும். நாலாவதைக் கழற்றியபோது தள்ளாட்டம் குறைவு. சிலர் பிளக் கேபிளையே பிடுங்கிப் பார்ப்பார்கள். கையில் ஷாக் அடிக்கும், போக இடமில்லாத வோல்டேஜ், அதை உண்டாக்கும் காயிலையும் கெடுத்துவிடும். வேண்டாம்.

இந்த எஞ்சினில் 1, 4 சிலிண்டர்களுக்கு ஒரு காயில், 2, 3க்கு இன்னொன்று. ஜோடியாகத் தடுமாறினால் காயிலைச் சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் என்றால் கேபிள், பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் (சிலிண்டரின் அழுத்தம்) என்று தேட வேண்டும். இங்கே முதலாவது நன்றாக இருந்ததால் காயில் தப்பித்தது. இருட்டியதும் செடிக்கு அடிக்கும் ஸ்பிரேயில் தண்ணீர் எடுத்துக் கேபிள்கள் மேல் லேசாக அடித்தார். நாலாவதின் அடியில் நீலப் பொறி துள்ளியது.

பிளக்கைக் கழற்றினால் குழி முழுக்க எண்ணெய். டாப் கவர் கேஸ்கட் கசிந்து, கேபிளின் ரப்பர் தொப்பி ஊறிப்போயிருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழே பென்சில் கோடு மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு. கரெண்ட் ஓடிக் கரியாக்கிய தடம் அது, துடைத்தாலும் போகாது. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை: தடம் விழுந்த பிளக்கின் மேல் புதுக் கேபிளை மாட்டினால் புதுத் தொப்பியிலும் அதே இடத்தில் தடம் விழும். பழைய கேபிளில் புது பிளக் போட்டாலும் அதே கதி. கேஸ்கட், பிளக், கேபிள் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றினோம். ஈசியூவுக்குக் கேட்ட பணத்தில் ஒரு சிறு பங்குதான் செலவு.

வெட்டு போனது. அப்புறமும் மிதித்த கணத்தில் ஒரு சின்னத் தயக்கம் மிச்சம் இருந்தது. காற்றை அளக்கும் மீட்டருக்கும், மிதித்தால் திறக்கும் த்ராட்டில் வால்வுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயின் மடிப்பில் வெடிப்பு, அதுவும் அடிப்பக்கத்தில். எஞ்சின் அசையும்போது வெடிப்பு விரிந்து, மீட்டருக்குத் தெரியாமல் காற்று உள்ளே போகிறது, கலவை மெலிகிறது. இந்த 1.6இல் எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்தால் ஐடில் (மிதிக்காதபோது ஓடும் ஓட்டம்) தடுமாற வேண்டும். தடுமாறவே இல்லை என்றால் வேறு எங்கோ ஏற்கனவே காற்று கசிகிறது.

பினாங்கு, டொயோட்டா எம்ஆர்2 டர்போ

செந்தூல்காரர் மேலே எழுதிய அழுத்தக் கணக்கு டர்போவில் இரட்டிப்பாகும். தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகிற மலைச்சாலையில் பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) ஏறினாலே என் வண்டி வெட்டும், மெதுவாகப் போனால் தெரியாது. புதுசாகப் போட்ட பிளக்கில்தான் கோளாறு. என்ஜிகே பிளக்கின் எண் 11 என்று முடிந்தால் இடைவெளி 1.1 மில்லிமீட்டர். டர்போவுக்கு அது அகலம். 0.8க்குக் குறைத்ததும் வெட்டு நின்றது. பெட்டியில் இருந்து எடுத்து அப்படியே மாட்டுகிறவர்கள்தான் அதிகம், இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் கையோடு வைத்திருங்கள்.

பிறகு ஒருமுறை, டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய் பிளந்தது. அப்போது திணறலோடு கறுப்புப் புகையும் வந்தது. அளந்த காற்று வெளியே ஓடிவிட்டதால் பெட்ரோல் மிஞ்சியது, ரோட்ஸ்டருக்கு நடந்ததன் தலைகீழ். புகையின் நிறத்தையும் பாருங்கள்.

பிறை, டொயோட்டா செலிக்கா

என்னுடையது வெட்டாது, நடுவழியில் சுத்தமாக அணைந்துவிடும். பினாங்குப் பாலத்தில் அணைந்தபோது வந்த பயம் இன்னும் போகவில்லை, 13.5 கிலோமீட்டர் பாலம், பின்னால் லாரிகள். ஓரம் கட்டிச் சூடு தணியக் காத்திருந்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

என்னைக் காப்பாற்றியது ஆர்பிஎம் முள்தான். கியரில் எஞ்சின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. அந்த முள்ளுக்கு சிக்னல், காயிலை இயக்கும் இக்னைட்டர் என்ற பெட்டியிலிருந்து வருகிறது. ஆகவே பிளக், கேபிள் எல்லாம் விட்டுவிட்டு அங்கேயே தேடினோம். ஹேர் டிரையரால் இக்னைட்டரைச் சூடாக்கினால் வீட்டு வாசலிலேயே அணைந்தது. மாற்று இக்னைட்டர் ஹாஃப்கட் கடையில் கிடைத்தது. தவுக்கே (கடை முதலாளி) முன்னாலேயே மாட்டி, அதே டிரையரைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன்.