மூலதனம் 13ஆம் அத்தியாயம்னா எது? படிக்கிற காலத்தில் இடறிய புத்தகங்கள்: புனைபெயரில் பலர் எழுதிய அனுபவப் பகிர்வு

கடைசி பெஞ்ச்:

"அடுத்த வாரம் 13ஆம் அத்தியாயம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கலையும் மார்க்ஸின் 'மூலதனம்' வாசிப்பு வட்டத்தில் இது நடந்தே தீரும். பெங்குயின் பதிப்பு வைத்திருப்பவர் 'கூட்டுழைப்பு' படித்துவிட்டு வருவார். பதினைந்து சொச்சம் பக்கம்தான். ஜெர்மன் வரிசையில் போகும் உரைநூலை நம்பியவர் 'இயந்திரமும் பெருவீதத் தொழிலும்' முடித்துவிட்டுக் கண் சிவந்து வருவார். அது பெங்குயினில் ஏறக்குறைய 150 பக்கம். ரெண்டு பேரும் சரியான 13-ஐத்தான் படித்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ரெண்டு பேரும் முழிக்கும் முழி இருக்கிறதே, அதை மறக்கவே முடியாது.

ஜெர்மன் மூலத்தின் முதல் தொகுதி 25 அத்தியாயம், 7 பகுதி. ஜோசப் ருவா மொழிபெயர்த்து மார்க்ஸே திருத்திய பிரெஞ்சுப் பதிப்பு (1872–75) 33 அத்தியாயம், 8 பகுதி. மூரும் அவெலிங்கும் மொழிபெயர்த்து எங்கெல்ஸ் பார்த்துக் கொடுத்த 1887 ஆங்கிலப் பதிப்பு பிரெஞ்சுப் பிரிப்பையே எடுத்துக்கொண்டது. பென் ஃபோக்ஸ் செய்த 1976 பெங்குயினும் அதே வழிதான்.

மாற்றுக் கணக்கு: 1, 2, 3 இரண்டிலும் ஒன்றே. ஜெர்மன் 4 ஆங்கிலத்தில் 4, 5, 6 ஆக உடைகிறது. ஜெர்மன் 5 முதல் 23 வரை எதுவானாலும் 2 கூட்டிக்கொள்ளுங்கள். ஜெர்மன் 24, அதாவது ஆதித் திரட்டல், ஆங்கிலத்தில் 26 முதல் 32 வரை. கடைசி 25 இங்கே 33. கையில் எந்தப் பதிப்பு இருந்தாலும் பொருளடக்கத்தின் கடைசி எண் 25-ஆ 33-ஆ என்று பார்த்துவிட்டு, வட்டத்தில் எண்ணோடு தலைப்பையும் சொல்லுங்கள்.

விளிம்புக் குறிப்பு:

தோழர், எண் குழப்பம் ஒரு மாலையில் தீர்ந்துவிடும். வட்டங்கள் உடைவது முதல் அத்தியாயத்தில். எட்டுப் பேர் வந்த இடத்தில் மூன்று பேர் மிஞ்சுவதற்குக் காரணம் அந்த மதிப்பு வடிவப் பகுதிதான்.

மார்க்ஸே இதற்கு வழி சொல்லியிருக்கிறார். 1867 நவம்பர் 30 அன்று நண்பர் குகெல்மனுக்கு எழுதிய கடிதத்தில், அந்த நண்பரின் மனைவி எங்கிருந்து தொடங்கலாம் என்று பட்டியல் தருகிறார்: வேலைநாள், பிறகு கூட்டுழைப்பு, உழைப்புப் பிரிவினை, இயந்திரம், கடைசியாக ஆதித் திரட்டல். பிரெஞ்சு மார்க்சியர் அல்துஸ்ஸரும் 1969 பிரெஞ்சுப் பதிப்பின் முன்னுரையில் முதல் பகுதியை முதல் வாசிப்பில் தள்ளிவைக்கச் சொன்னார்.

வேலைநாள் அத்தியாயத்தின் மூன்றாம் பிரிவில் மேரி ஆன் வாக்லி வருகிறாள். 1863 ஜூன், லண்டன், இருபது வயதுத் தையல்காரப் பெண். இருபத்தாறரை மணி நேரம் இடைவிடாத வேலை. முப்பது முப்பது பேராக அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். அந்தப் பத்தியைப் படித்தவர் புத்தகத்தை மூடிவைக்க மாட்டார். முதல் அத்தியாயத்து உதாரணமான இருபது கஜம் லினனும் ஒரு கோட்டும் அதற்கப்புறம் வரட்டும்.

துண்டுச் சீட்டு:

இந்த ஆலோசனையால் விளையும் கேடும் பழக்கமானதுதான். வேலைநாளில் இருந்து தொடங்குபவர் அதை அரசு ஆய்வறிக்கைகளின் தொகுப்பாகப் படிப்பார். முதலாளி கெட்டவன், தொழிலாளி பாவம், முடிந்தது. ஆனால் அந்த அத்தியாயத்தின் முதல் பிரிவில் நடப்பது ஒரு வழக்கு. வாங்கியவனுக்கும் உரிமை, விற்றவனுக்கும் உரிமை. சம உரிமைகளுக்கு நடுவே பலம்தான் தீர்ப்பு எழுதுகிறது. உழைப்புச் சக்தி எப்படிச் சரக்காக விலைபோகிறது என்று தெரியாமல் இந்த வழக்கு புரியாது.

குறைந்தபட்சம் ஆங்கில எண்ணில் 6, 7, பிறகு 9-இன் முதல் பிரிவு, அதன் பின் 10. இதற்கு மேல் குறுக்குவழி கிடையாது. குகெல்மன் கடிதத்தையும் முழுதாகப் பாருங்கள். எது எளிதாக வாசிக்க முடியும் என்றுதான் மார்க்ஸ் சொல்கிறார், எது போதும் என்று சொல்லவில்லை.

இலக்கிய மாணவர்களிடம் இன்னொரு பழக்கம். 1ஆம் அத்தியாயத்தின் நான்காம் பிரிவை, சரக்கின் மாயவழிபாட்டை, மட்டும் கத்தரித்து எடுத்து நாவல் விமர்சனத்துக்கு ஒட்டுவார்கள். மதிப்பு வடிவம் பேசும் மூன்றாம் பிரிவு இல்லாத நான்காம் பிரிவு வெறும் உருவகமாகத்தான் தெரியும். கட்டுரையும் அப்படியே வரும்.

ஜெராக்ஸ் மிஷின்:

பிளேட்டோ. குடியரசு, பத்தாம் புத்தகம். கட்டுக்கட்டாக நகல் எடுத்து வகுப்பில் கொடுத்தாயிற்று, யாருடைய தாளிலும் ஓர எண் இல்லை. "607-ஐப் பாருங்கள்" என்று ஆசிரியர் சொல்ல, நாற்பது பேரும் 607ஆம் பக்கத்தைத் தேடுகிறார்கள். நகலே மொத்தம் இருபது தாள்.

அந்த எண்கள் 1578இல் ஹென்றி எஸ்தியேன் ஜெனீவாவில் அச்சிட்ட மூன்று தொகுதிப் பதிப்பின் பக்க எண்கள். ஒவ்வொரு பக்கமும் ஏ முதல் ஈ வரை ஐந்து துண்டு. எந்த மொழிபெயர்ப்பானாலும் இந்த எண் மாறாது. ஒரு எச்சரிக்கை: தொகுதிக்குத் தொகுதி எண் புதிதாகத் தொடங்கும். அதனால் உரையாடலின் பெயர் இல்லாத வெறும் எண் செல்லாது. அரிஸ்டாட்டிலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 1831இல் பெர்லினில் வந்த பெக்கர் பதிப்பின் எண் தொடர்ச்சியாக ஓடுகிறது. 1449பி என்றால் கவிதையியல் மட்டும்தான்.

நகல் எடுக்கும்போது எண் போவது இரண்டு இடத்தில். விரித்த புத்தகத்தின் இரு பக்கத்தையும் ஒரே ஏ4இல் படுக்கவைத்தால் வெளி ஓரம் தாளுக்கு வெளியே போய்விடும், உள் ஓரம் முதுகு நிழலில் கறுத்துவிடும். தப்பிப் பிழைத்ததை ஸ்பைரல் துளை தின்னும். பக்கத்துக்கு ஒரு தாள் போடுங்கள். முழுக்கட்டும் ஓடுமுன் ஒரு மாதிரித் தாள் எடுத்து ஓரத்தை மட்டும் பாருங்கள். எண் இடது ஓரத்தில் இருந்தால் துளையை வலப்பக்கம் போடச் சொல்லுங்கள்.

இதெல்லாம் எதற்கு என்றால், 605 வரை படித்துவிட்டு "பிளேட்டோ கவிஞர்களை விரட்டினார்" என்று எழுதுகிற விடைத்தாள்கள் குவிகின்றன. 607இல் கடவுள் துதியும் நல்லோர் புகழும் நாட்டுக்குள் அனுமதி. அதே பக்கத்தில் கொஞ்சம் தள்ளி, கவிதையை நேசிப்பவர்கள் அதற்காக உரைநடையில் வாதாடட்டும், கேட்கிறோம் என்கிறார். அரிஸ்டாட்டில் அந்த வழக்கை எடுத்துக்கொண்டார் என்று சொல்வது வழக்கம். ஆனால் அரசியல் நூலின் எட்டாம் புத்தகம் 1341பி-யில், கதார்சிஸ் (உணர்ச்சித் தூய்மையாக்கம்) பற்றிக் கவிதை பற்றிய நூலில் தெளிவாகச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். நம் கையில் இருக்கும் கவிதையியலில் அந்த விளக்கம் இல்லை. துன்பியலின் வரையறையில் சொல் வருகிறது, அவ்வளவுதான். அரசியல் தாளையும் விமர்சனத் தாளையும் தனித்தனி ஆசிரியர் நடத்தும் துறைகளில் இந்த இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

பெயரில்லாத் தாள்:

விமர்சன வகுப்பு என்றால் ஆங்கில விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் செய்த சோதனைதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லாமல் கவிதைகளை அச்சடித்துக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துக் குறிப்புகளைத் திரும்ப வாங்கினார். 1929இல் வந்த நூலில் 13 கவிதைகள். டன், ஹாப்கின்ஸ், டி. எச். லாரன்ஸ், லாங்ஃபெல்லோ எல்லாரும் அதில் உண்டு. பெயர் போனதும் பெரியவர்கள் வாங்கிய அடியைப் படிக்கவேண்டும்!

செய்துபார்ப்பவர்கள் விட்டுவிடும் ஒரு நுணுக்கம்: எத்தனை முறை வாசித்தாய் என்பதையும் எழுதச் சொன்னார். ஒரே அமர்வில் திரும்பத் திரும்பப் படித்தது ஒரு வாசிப்பாகத்தான் கணக்கு. இதைக் கேட்காவிட்டால் பேருந்தில் எழுதிய குறிப்பும் மூன்று இரவு உட்கார்ந்து எழுதிய குறிப்பும் ஒரே தட்டில் விழும்.

தமிழில் செய்ய குறுந்தொகை வசதி, பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடி. 40ஆம் பாட்டில் ஆசிரியர் பெயரை மட்டும் அழித்தால் போதாது. செம்புலப்பெயல்நீரார் என்ற பெயரே பாட்டுக்குள்ளிருந்து எடுத்ததுதான். யார் சொல்வது என்று காட்டும் கூற்றுக் குறிப்பையும் உரையையும் எடுத்துவிட வேண்டும். சொல்வது தலைவனா தலைவியா என்று வகுப்பு இரண்டாகப் பிளக்கும். அடுத்த சுற்றில் கூற்றை வேறு நிறத் தாளில் கொடுத்து மறுபடி எழுத வாங்குங்கள். முதல் தாளை அவர்கள் கையில் திருப்பிக் கொடுக்காதீர்கள். திருத்திவிடுவார்கள்.

விளிம்புக் குறிப்பு:

கூற்றை எடுத்துவிட்டுப் படிப்பது தூய வாசிப்பு ஆகிவிடாது நண்பரே. அகப்பாட்டுக்குத் திணையும் கூற்றும்தான் இலக்கணம், பொருளதிகாரத்தின் அகப்பகுதி அதுதானே. அதைப் பிடுங்கிவிட்டு வாசகன் தடுமாறுகிறான் என்றால் அது வாசகனின் குறையா? கவிதைக்குச் சம்பந்தமில்லாத சொந்த நினைவுகள் புகுந்துவிடுவதை ரிச்சர்ட்ஸே தடைகளில் ஒன்றாக எண்ணுகிறார். உங்கள் முதல் சுற்றில் வருவது அதுதான். விமர்சகர் டெர்ரி ஈகிள்டன் 1983இல் வேறொன்றும் சுட்டினார்: அந்த மாணவர்கள் தீர்ப்பில் எவ்வளவு வேறுபட்டாலும், அடியில் இருந்த மதிப்பீடுகளில் எல்லாரும் ஒரே வர்க்கத்துப் பிள்ளைகள். ரிச்சர்ட்ஸுக்கு அது தெரியவில்லை, காரணம் அவரும் அதே வர்க்கம்.

துறை மாறியவர்:

மாணவர் வாழ்க்கை பற்றிய எழுத்து என்றால் ஸ்ட்ராஸ்பூர் துண்டறிக்கை, 1966. மாணவர் சங்கத் தேர்தலில் ஜெயித்தவர்கள் சங்கப் பணத்திலேயே 10,000 பிரதி அடித்து, நவம்பர் 22 அன்று கல்வியாண்டுத் தொடக்க விழாவுக்கு வந்த பெரிய மனிதர்களிடம் நீட்டினார்கள். பெரும்பகுதி எழுதியது முஸ்தஃபா கயாத்தி. பிரான்சில் பாதிரியாருக்கும் போலீஸ்காரருக்கும் அடுத்தபடி எல்லாராலும் இகழப்படுபவன் மாணவன்தான் என்று ஆரம்பமே. டிசம்பரில் நீதிமன்றம் சங்கத்தின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது.

இதை ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுபவர்கள் விழும் குழி: மூன்று பகுதித் தலைப்புகளும் மார்க்ஸிடம் இருந்து மேற்கோள் குறி இல்லாமல் எடுத்தவை. முதல் இரண்டும் ஹெகலின் உரிமைத் தத்துவ விமர்சனத்துக்கு எழுதிய முன்னுரையில் (1844) இருந்து, மூன்றாவது லூயி போனபார்ட்டின் பதினெட்டாம் புருமேரில் (1852) இருந்து. கயாத்தியின் சொந்த வாக்கியம் என்று எழுதினால் தேர்வாளர் பிடித்துக்கொள்வார். இரண்டையும் காட்டி எழுதுங்கள்: இங்கிருந்து எடுத்து, அங்கே இப்படித் திருப்பியிருக்கிறார்கள் என்று. இதன் பின்னால் இருந்த சிச்சுவேஷனிஸ்ட் குழுவுக்கு எடுத்தாளுதலே ஒரு முறை.

குறிப்பேடு 29:

இத்தாலிய மார்க்சியர் கிராம்ஷியின் சிறைக் குறிப்பேடுகள். பழையது சாகிறது, புதியது பிறக்க முடியவில்லை, இது அரக்கர்களின் காலம். சுவரொட்டி, மலர், முகநூல் எங்கும் இருக்கிறது. மூன்றாம் குறிப்பேடு §34-ஐத் திறந்தால் அரக்கர் யாரும் இல்லை. பலவகை நோய்க்குறிகள் தோன்றுகின்றன, அவ்வளவே. 1971 ஆங்கிலத் தேர்வுத் தொகுப்பில் 276ஆம் பக்கம்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கிராம்ஷியைப் படிக்கும்போது குறிப்புச் சீட்டு எழுதாமல் படிக்காதீர்கள். மொத்தம் 33 குறிப்பேடு, அதில் நான்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி. 1929 பிப்ரவரியில் துரி சிறையில் தொடங்கியவை. 1948 முதல் 1951 வரை வந்த இத்தாலியப் பதிப்பு தலைப்பு வாரியாகக் கலைத்து அடுக்கியது. எழுதிய வரிசையில் கொடுத்தது 1975இல் ஜெர்ரத்தானா. ஆங்கிலத் தேர்வும் தலைப்பு வரிசைதான். அதனால் அடுத்தடுத்த இரண்டு பத்திக்கு நடுவே மூன்று வருட இடைவெளி இருக்கலாம். இதைக் கவனிக்காமல் "கிராம்ஷி இங்கே தன்னையே மறுக்கிறார்" என்று எழுதுகிறார்கள்.

சீட்டின் இடது மேல்முனையில் குறிப்பேடு எண், § எண். வலது முனையில் ஏ, பி, சி: ஏ என்றால் பின்னால் திருத்தி எழுதிய முதல் வரைவு, சி திருத்திய வடிவம், பி ஒரே முறை எழுதியது. ஏ-யும் சி-யும் இருந்தால் இரண்டு சீட்டையும் ஒன்றாகக் குத்தி வையுங்கள். அடியில் உங்கள் கையிலுள்ள பதிப்பின் பக்கம். சீட்டுக்கு ஒரு கருத்து, அதற்கு மேல் வேண்டாம். மேற்கோளுக்கு நீல மை, உங்கள் சொல்லுக்குப் பென்சில். இதைக் கலந்தால் ஆறு மாதம் கழித்து எது யாருடையது என்று தெரியாது, கருத்துத் திருட்டுப் புகாரில் பாதி இப்படித்தான் பிறக்கிறது. கணினியில் செய்பவர்களும் இரண்டு நிறம் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டும்போது வடிவமைப்பு போய்விடும், அதனால் மேற்கோள் குறியையும் விடாதீர்கள்.

கடைசி பெஞ்ச்:

பென்சில் மங்கிப்போகும் அண்ணா. பச்சை மை போடுங்க.

ஏழாம் மாடி:

அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' நூலுக்கு இந்தப் பதிப்புச் சிக்கல் இன்னும் மோசம். மலிவு அச்சில் உரை மட்டும் இருக்கும். உரையாற்ற அழைத்த லாகூர் சாதி எதிர்ப்பு அமைப்பான ஜாத்-பாத்-தோடக் மண்டலோடு நடந்த கடிதப் போக்குவரத்து இல்லாமல் அந்த உரையைப் படித்தால், அது ஏன் மேடை ஏறவே இல்லை என்று தெரியாது. 1936 ஏப்ரல் 27 கடிதத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்கிறார். அந்த ஒரு வரிக்குப் பிறகு உரையின் தொனியே வேறாகக் கேட்கும்.

1936இல் அவரே அச்சிட்ட 1,500 பிரதி இரண்டு மாதத்தில் தீர்ந்தது. 1937 பதிப்பின் முகவுரையில் அதைச் சொல்லி, குஜராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டதையும் குறிக்கிறார். காந்தி தன் ஹரிஜன் இதழில் எழுதிய மறுப்பும் அதற்கு அம்பேத்கர் தந்த பதிலும் அந்தப் பதிப்பில் சேர்ந்தவை. 1944 பதிப்பில், 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையும் சேர்ந்தது. வாங்குமுன் கடையிலேயே பின்பக்கம் புரட்டுங்கள். 1937 முகவுரையை அச்சிட்டுவிட்டு காந்தியின் மறுப்பையும் பதிலையும் காணோம் என்றால் இடையில் யாரோ வெட்டியிருக்கிறார்கள், அந்தப் பிரதியை வைத்துவிட்டு 1979இல் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட தொகுதி 1-ஐத் தேடுங்கள்.