பானட்டில் வெள்ளைத் திட்டு, ரூஃபில் உரிகிறது: பாலிஷா, பெயிண்டா?

பாலாற்றங்கரை:
ஒன்பது வருஷ ஹேட்ச்பேக், சில்வர் மெட்டாலிக், எப்போதும் வெயிலில்தான் நிற்கிறது. பானட் நடுவிலும் ரூஃபின் பின்பக்கமும் மோர் தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். ரூஃபில் ஒரு திட்டின் ஓரம் நகத்தில் சிக்குகிறது, மெல்லிய பாலித்தீன் போலக் கிளம்புகிறது. கதவுகளில் ஒன்றும் இல்லை. மூன்று முறை கம்பவுண்டு (மேல்பரப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை) போட்டு மேலே செராமிக் கோட்டிங் (பாதுகாப்புப் பூச்சு) கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். நம்பலாமா? பெயிண்ட்தான் என்றால் திட்டை மட்டும் அடித்தால் போதுமா?

மைக்ரான்120:
ரூஃபுக்குக் கம்பவுண்டு போடவே விடாதீர்கள். ஓரம் நகத்தில் சிக்கினால் கிளியர் கோட் (மேலே உள்ள நிறமில்லாத அடுக்கு) கீழே உள்ள பேஸ் கோட்டை (நிறம் தரும் அடுக்கை) விட்டுவிட்டது என்று அர்த்தம். அது மறுபடி ஒட்டாது. மெஷின் பேட் அந்த ஓரத்தில் பட்டால் உரிதல் இன்னும் பரவும். செராமிக்கும் அப்படித்தான்: உரிந்த இடத்தின் மேல் பூசினால் அடியில் நடப்பது நிற்காது.

கம்பெனி பெயிண்டின் மொத்தத் தடிமன் 100 முதல் 140 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை வரும். அதில் கிளியர் 40-50தான். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கு அந்த அடுக்கில்தான் இருக்கிறது. வெயிலில் அது தீர்ந்ததும் கிளியர் நொறுங்கும், கதிர் பேஸ் கோட்டை எட்டும், பிடிப்பு விடும். வெயில் நேராக விழும் ரூஃபும் பானட்டும் முதலில் போவதும், கதவு தப்புவதும் இதனால்தான்.

பானட்டில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்ததும் வெள்ளை மறைந்து காய்ந்ததும் திரும்பினால் அங்கும் கிளியர் போய்விட்டது.

உப்புத்தாள்400:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். தண்ணீர்ச் சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. சொரசொரப்பான எந்தப் பரப்பும் நனைந்தால் பளபளக்கும், வெறும் ஆக்சிடேஷன்கூட (மேல்பரப்பு மட்டும் வெளுத்து மங்குவது). போர் தண்ணீரில் கழுவும் வண்டியில் உப்புக்கறையும் இதே வெள்ளையாகத்தான் தெரியும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து, நிழலில் இரண்டு மூன்று நிமிடம் வைத்துத் துடையுங்கள். வெள்ளை குறைந்தால் உப்பு. குறையவில்லை, ஆனால் விரல் நுனிக்கு மேடு பள்ளம் இல்லை என்றால், ஒரு ஜாண் இடத்தில் மட்டும் கையால் கம்பவுண்டு தேய்த்துப் பாருங்கள். தெளிந்தால் பானட்டுக்குப் பாலிஷ் போதும். படி தட்டினாலோ, நுண்ணிய விரிசல் தெரிந்தாலோ பெயிண்ட்தான்.

பாலாற்றங்கரை:
வினிகர் வைத்தேன், மாறவில்லை. பானட்டிலும் லேசாகப் படி தட்டுகிறது. அப்படியென்றால் இரண்டுமே பெயிண்ட். திட்டு மட்டும் அடிக்கலாமா?

உப்புத்தாள்400:
கூடாது. புதுக் கிளியர் பழைய கிளியரின் நடுவில் முடியும் இடம் மெல்லிசாகவே இருக்கும், உரிதல் அங்கேதான் மறுபடி தொடங்கும். பானட்டை முழுப் பேனலாக அடியுங்கள். ரூஃபுக்கு இரண்டு பக்கமும் உள்ள ரப்பர் பீடிங்கைக் கழற்றி, அந்தப் பள்ளத்தோடு நிறுத்துங்கள்.

தளர்ந்ததை முதலில் பிளேடால் சாய்த்துச் சுரண்டுங்கள். பிறகு 320 உப்புத்தாளில் ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். வெள்ளைத் தூள் வந்தால் கிளியர், சாம்பல் நிறமாக மாறினால் பேஸைத் தொட்டுவிட்டீர்கள். கண்ணை மூடித் தடவினால் படியே தெரியக் கூடாது. இங்கே அவசரப்பட்டால், அடித்து முடித்தபின் திட்டின் எல்லை வரைபடக் கோடு மாதிரி எழும்பி நிற்கும். பேஸ் தேய்ந்து தகடோ பிரைமரோ (அடிப்பூச்சு) தெரியும் இடத்தில் டூ-கே பிரைமர் (ஹார்ட்னர் என்ற இறுக வைக்கும் திரவம் கலந்து அடிப்பது) கொடுத்து, காய்ந்தபின் பேனல் முழுக்க 600 தாளில் தேயுங்கள். சில்வரில் கிளியர் மட்டும் அடித்துத் தப்பிக்க முடியாது: தேய்ந்த மெட்டாலிக் துகள் கறுப்பும் வெளுப்புமாகத் தெரியும். அதனால் பேனல் முழுக்க பேஸ் கோட் தேவை. அடிக்கும் முன் கிரீஸ் ரிமூவரால் துடைக்காவிட்டால் பழைய பாலிஷின் சிலிகான் மீன்கண் மாதிரி குழி விடும்.

பேஸ் மங்கலாகக் காய்ந்ததும் கிளியர் இரண்டு கோட், நடுவே பத்து நிமிடம். பானட், ரூஃப் இரண்டுக்கும் முக்கால் லிட்டர் கலவை போதும். டப்பாவில் 2:1 என்றிருந்தால் அரை லிட்டர் கிளியருக்குக் கால் லிட்டர் ஹார்ட்னர், கண்ணளவு வேண்டாம், அளவுக் கப். 35 டிகிரி வெயிலில் ஸ்லோ ஹார்ட்னர் கேளுங்கள். ஃபாஸ்ட் போட்டால் மேல்தோல் முந்திக் காய்ந்து, அடியில் மாட்டிய தின்னர் பொரிப் பொரியாகக் கிளம்பும்.

மைக்ரான்120:
திருத்தத்துக்கு நன்றி, சரிதான். ஒன்று சேர்க்கிறேன்: தேய்ப்பதை வீட்டில் செய்யலாம், அடிப்பதை பூத்தில் (கடையில் உள்ள மூடிய பெயிண்ட் அறை) கொடுங்கள். டூ-கே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமாவை உண்டாக்கும். வாசனையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, மாஸ்க் கசிந்தாலும் தெரியாது. துணி மாஸ்க், தூசி மாஸ்க் எதுவும் தடுக்காது, வெளிக்காற்று கொடுக்கும் முகமூடிதான் பாதுகாப்பு. ஒன்-கே (ஹார்ட்னர் கலக்காத) ஸ்ப்ரே கேன் வாங்கி அடிக்கவும் யோசிக்காதீர்கள், பெட்ரோல் சிந்தினால் கரையும், வெயிலையும் அதிக நாள் தாங்காது.

பூத்துக்குப் போகும்வரை உரிந்த ஓரத்தில் பிரஷர் வாஷர் காட்டாதீர்கள். சிலிகான் உள்ள டாஷ்போர்டு பாலிஷையும் ரூஃபில் தடவ வேண்டாம், பெயிண்டருக்குத்தான் அது தலைவலி.