புதுப்பிப்பு: கடைசிப் பாடல்களில் தாவிய சிடி பிளேயர் சரியாகிவிட்டது

என் உயர்ரக சிடி பிளேயர் முதல் பாடல்களைச் சுத்தமாகப் பாடிவிட்டு, கடைசிப் பாடல்களில் மட்டும் தாவுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். வட்டைப் படிக்கும் லேசர் தேய்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள் என்றே பலரும் சொன்னீர்கள். லேசரில் குறையே இல்லை! சிடி உள்ளிருந்து வெளிநோக்கிப் படிக்கப்படுவது; அதனால் கடைசிப் பாடல்கள் வட்டின் வெளிப்பக்கம் இருக்கும். லேசர் தலை நகரும் உலோகத் தண்டின் வெளிப்பாதியில் பழைய கிரீஸ் பழுப்பேறி, மெழுகாய் இறுகிக் கிடந்தது. பழுதுபார்ப்பவர் அதைத் துடைத்தெடுத்துத் துளியளவு புது கிரீஸ் தடவினார். லென்ஸையும் பதமாகத் துடைத்தார், அவ்வளவுதான். இப்போது 74 நிமிட வட்டுகூடக் கடைசி நொடிவரை பிசிறில்லாமல் ஓடுகிறது. வயலின் தேய்ந்து அடங்கும் இடம் எத்தனை தெளிவு! இதே தொல்லை உள்ளவர்கள் லேசர் வாங்குமுன் அந்தத் தண்டைப் பார்த்துவிடுங்கள். பழைய மாடல்களுக்கு அசல் லேசர் கிடைப்பது அரிது.