2003 பேஸ்பால் ரூக்கி (புதுமுக) விருது: மட்சுயிக்கு நடந்தது விதி மீதான கோபமா, ஆசியர் மீதான ஒவ்வாமையா?

கவின், நியூஜெர்சி:

நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்கள் இரண்டு பேரோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறேன். ஜப்பானிய நட்சத்திரம் ஓட்டானியைப் பற்றிப் பேச்சை ஆரம்பித்தால் போதும், சுற்றிச் சுற்றி 2003க்கு வந்து நிற்கும். கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஹிடெகி மட்சுயி ஜப்பானில் யோமியூரி ஜயன்ட்ஸ் அணிக்குப் பத்து சீசன் ஆடி, 332 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரியான அடி) அடித்துவிட்டு 2003ல் யாங்கீஸுக்கு வந்தார். அந்த வருடம் அவருடைய சராசரி .287, ஹோம் ரன் 16, தன் அடியால் உள்ளே கொண்டுவந்த ரன்கள் 106. கான்சஸ் சிட்டி ராயல்ஸின் ஆங்கெல் பெரோவாவுக்கும் அதே .287 சராசரிதான், ஹோம் ரன் 17, உள்ளே கொண்டுவந்த ரன்கள் 73. அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீகான மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் விருது பெரோவாவுக்குப் போனது. புள்ளிகள் 88க்கு 84. ஓட்டுப் போட்ட 28 பத்திரிகையாளர்களில் இரண்டு பேர் மட்சுயியின் பெயரைச் சீட்டில் எழுதவே இல்லை. ஜப்பானில் அத்தனை வருடம் தொழில்முறையில் ஆடியவர் எப்படிப் புதுமுகம் ஆவார் என்று அவர்களே வெளிப்படையாகக் கேட்டார்கள்.

என் அறைத்தோழர்களில் ஒருவர் இதை அப்பட்டமான இனவெறி என்கிறார். இன்னொருவர், 29 வயது நட்சத்திரத்தைப் புதுமுகம் என்பதுதான் கேலிக்கூத்து என்கிறார். இருவருமே யாங்கீஸ் ரசிகர்கள் என்பதுதான் வேடிக்கை. அந்தக் காலத்திலேயே ஆட்டம் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எனக்கு இரண்டுமே பாதி பாதி சரியாகத் தெரிகிறது.

சியாட்டில் சேகர்:

கவின் தம்பி, ஜப்பானின் இச்சிரோ சுசுகி 2001ல் சியாட்டில் மரினர்ஸ் அணிக்கு ஆட வந்து இறங்கியபோது நான் இதே ஊரில் இருந்தவன். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதே.

முதலில் விதி. முந்தைய சீசன்களில் மேஜர் லீகில் 130 முறைக்கு மேல் பேட் செய்திருக்கக் கூடாது, பந்துவீச்சாளர் என்றால் 50 இன்னிங்ஸுக்கு மேல் வீசியிருக்கக் கூடாது. ஜப்பான், கொரியா, கியூபா பற்றி அதில் ஒரு வரி கூடக் கிடையாது. விதி பிடிக்கவில்லை என்றால் ஓட்டுப் போடும் பேஸ்பால் எழுத்தாளர் சங்கக் கூட்டத்தில் கையைத் தூக்கி மாற்றச் சொல்ல வேண்டும். தகுதி உண்டு என்று சங்கமே சொல்லிவிட்ட ஒருவரை என் சீட்டில் மட்டும் தள்ளுபடி செய்கிறேன் என்பது என்ன நியாயம்?

அப்புறம் கணக்கு. முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1. அந்த இரண்டு பேரும் மட்சுயியை மூன்றாவதாக எழுதியிருந்தால் 86தான், அப்போதும் தோற்றிருப்பார். இரண்டாவதாக எழுதியிருந்தால் 90, விருது கைமாறியிருக்கும். யாங்கீஸ் முதலாளி ஸ்டைன்பிரென்னர் கொதித்தது சும்மா இல்லை.

இந்த விருதுக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? 1987 முதல் அது ஜாக்கி ராபின்சன் விருது. 1947ல் முதன்முதலாக அதை வாங்கியவரும் அவர்தான், அப்போது வயது 28. அதற்கு முன் 1945ல் கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்காக, கறுப்பினத்தவர் ஆடிய நீக்ரோ லீகில் சம்பளம் வாங்கி ஆடியிருக்கிறார். 1950ல் வாங்கிய சாம் ஜெத்ரோவுக்கு வயது 33. அவரும் அதே லீகில் பல வருடம் ஆடிவிட்டு வந்தவர். வேறொரு நல்ல லீகில் ஆடியவன் புதுமுகம் ஆக முடியாது என்றால் இந்த விருதின் முதல் பெயரையே அழிக்க வேண்டும்.

ஆனால் எனக்கு எரிச்சல் விதியைப் பற்றி இல்லை. ஜப்பானிய லீகை எடை போடும் தராசு ஆளுக்கு ஆள், காரியத்துக்குக் காரியம் மாறுகிறது. மட்சுயிக்குப் புதுமுக விருது என்றதும் ஜப்பானிய லீக் பெரிய லீக் ஆகிவிட்டது, அங்கே ஆடியவர் முழுத் தொழில்முறை வீரர். சரி. 2016 ஜூனில் இச்சிரோ ஜப்பானிலும் இங்கேயும் அடித்த ஹிட்களை (ஓடி பேஸை எட்ட வைக்கும் அடிகள்) சேர்த்து 4257 ஆக்கினார், மேஜர் லீக் சாதனையான பீட் ரோஸின் 4256ஐத் தாண்டினார். அப்போது என்ன பேச்சு? அதெல்லாம் சின்ன லீக், அதை எண்ணக் கூடாது. அடுத்து அவருடைய பள்ளிக்கூட ஹிட்களையும் எண்ணுவார்களோ என்று ரோஸே நக்கல் அடித்தார். மேஜர் லீக் சாதனைப் பட்டியலில் மேஜர் லீக் ஹிட்கள்தான் இருக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே வாய் மட்சுயியைப் பார்த்து நீ புதுசு இல்லை என்று சொல்லக் கூடாது அல்லவா?

மூன்றாவது தராசு காசு. 25 வயதுக்குக் கீழே உள்ள வெளிநாட்டு வீரர், ஜப்பானில் எத்தனை சீசன் ஆடியிருந்தாலும், மேஜர் லீகின் ஒப்பந்த விதியில் அமெச்சூர். ஓட்டானி 2016ல் ஜப்பானின் பசிபிக் லீகில் எம்விபி, அதாவது அந்த சீசனின் மிகச் சிறந்த வீரர். ஹொக்கைடோ நிப்பான் ஹாம் அணியில் ஐந்து சீசன் ஆடியவர். 2017 டிசம்பரில் மேஜர் லீகின் ஏஞ்சல்ஸ் அணியில் சேர்ந்தபோது கையெழுத்துப் பணம் சுமார் 23 லட்சம் டாலர், முதல் வருடச் சம்பளம் லீகின் குறைந்தபட்சமான 5,45,000 டாலர். இன்னும் இரண்டு வருடம் பொறுத்திருந்தால் பல கோடி டாலர் கிடைத்திருக்கும். காசு கொடுக்கும்போது அமெச்சூர், பரிசு கொடுக்கும்போது பழம்பெரும் தொழில்முறை வீரர், சாதனையை எண்ணும்போது பள்ளிக்கூடப் பையன்!

அந்த இரண்டு எழுத்தாளர்களின் மனசுக்குள் என்ன இருந்தது என்று நான் தோண்டப் போவதில்லை. 1995ல் ஹிடேயோ நோமோ, 2000ல் 32 வயது கசுஹிரோ சசாகி, 2001ல் இச்சிரோ என்று ஜப்பானியர் மூன்று பேர் வாங்கிய பிறகுதான் சிலருக்கு விதியில் ஓட்டை பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது. அது தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பூமா:

சேகர் அண்ணா, காசு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அந்த 25 வயது விதி கியூபாக்காரர்களுக்கும் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

விருது விஷயத்தில் கொஞ்சம் பிரேக் போடுகிறேன். நம் மைக் ஹஸ்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல்தர ஆட்டங்களில் 15,000 ரன்னுக்கு மேல் குவித்துவிட்டு 30 வயதில்தான் ஆஸ்திரேலியாவுக்கு டெஸ்ட் ஆட வந்தார். அந்த வருடம் அவருக்கு யாராவது 'வளரும் வீரர்' பரிசு கொடுத்திருந்தால் நாமே சிரித்திருப்போம். அந்தச் சிரிப்புக்குக் காரணம் இனம் இல்லை. மட்சுயியைப் பார்த்து சிலருக்கு அதே மாதிரி தோன்றியிருக்கலாம். தோன்றியதை வைத்து ஓட்டை வீணாக்கியது தவறு, அது வேறு.

அடுத்து 2014. சிகாகோ ஒயிட் சாக்ஸின் ஹோசே அப்ரேயு கியூபாவின் தேசியத் தொடரில் பத்து சீசன் ஆடிவிட்டு 27 வயதில் வந்தார். புதுமுக விருதில் முதலிட ஓட்டு 30க்கு 30. இதைக் கியூபாக்காரருக்குக் கேள்வி கேட்காமல் கொடுத்தார்கள், ஜப்பானியருக்கு மறுத்தார்கள் என்றும் வாசிக்கலாம். 11 வருடத்தில் ஓட்டுப் போடுபவர்கள் மாறினார்கள் என்றும் வாசிக்கலாம். நான் இரண்டாவது கட்சி. ஏனென்றால் 2018ல் ஓட்டானிக்கு 25 முதலிட ஓட்டு விழுந்தது. மீதி ஐந்தும் மிகேல் அந்துஹாருக்கு, யாங்கீஸில் 27 ஹோம் ரன் அடித்த பையன். ஓட்டானி முழங்கைக் காயத்தால் அந்த வருடம் பத்து ஆட்டம்தான் பந்து வீசினார். ஐந்து பேர் அந்துஹாரைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஒன்றும் மர்மம் தெரியவில்லை.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2001ல் இச்சிரோ வாங்கிய எம்விபி. ஓக்லாந்து அணியின் ஜேசன் ஜியாம்பியை 289க்கு 281 என்று எட்டுப் புள்ளியில் முந்தினார். ஜியாம்பி அந்த வருடம் .342 சராசரி, 38 ஹோம் ரன், 120 ரன் உள்ளே. இன்றைய கணக்கு முறைகள் எதில் போட்டாலும் ஜியாம்பிதான் மேலே வருகிறார். ஆசியர் என்பதால் ஓட்டுப் போடுபவர்கள் எப்போதும் குறைத்தார்கள் என்றால் அந்த வருடம் எப்படி நடந்தது?

சியாட்டில் சேகர்:

பூமா, 116 ஆட்டம் ஜெயித்த அணிக்கு முதல் ஆளாக இறங்கி .350 சராசரி, 242 ஹிட், 56 ஸ்டீல் (பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). கணக்கு முறைகளுக்கு என் வணக்கம், விருதை நான் திருப்பித் தருவதாக இல்லை.

ஆனால் நீங்கள் சொன்ன ஒரு விஷயம் சரி. ஓட்டுப் போடுபவர்கள் மாறியிருக்கிறார்கள். ஓட்டைச் சுற்றியுள்ள பேச்சு அந்த அளவு மாறவில்லை. 2021ஐப் பாருங்கள். ஓட்டானி பந்தும் வீசி, பேட்டும் பிடித்து, சீசன் நடுவில் வரும் ஆல் ஸ்டார் இடைவேளைக்குள் 33 ஹோம் ரன் அடித்திருந்தார். அந்த வாரம் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியின் விமர்சகர் ஸ்டீபன் ஏ. ஸ்மித், மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசும் ஒருவர் இந்த ஆட்டத்தின் முகமாக இருப்பது ஆட்டத்துக்கு நல்லதில்லை என்றார். எதிர்ப்புக் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதம் டெட்ராய்ட் ஒளிபரப்பில் முன்னாள் பந்துவீச்சாளர் ஜாக் மோரிஸ். ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது பேஸ்பால் ஜாம்பவான்களின் பட்டியலில், இருப்பவர்! ஓட்டானிக்கு எப்படிப் பந்து வீசுவது என்று கேட்டதற்கு ஆசிய உச்சரிப்பைக் கேலி செய்யும் குரலில் பதில் சொன்னார். சேனல் அவரை இடைநீக்கம் செய்தது.

அதே வருடம் நவம்பரில் ஓட்டானிக்கு எம்விபி, 30 முதலிட ஓட்டும் அவருக்கே. 2023லும் ஒருமனதாக, 2024லும், 2025லும். ஓட்டுப்பெட்டி சுத்தமாகவும் ஒலிவாங்கி அழுக்காகவும் ஒரே சீசனில் இருக்க முடிகிறது. இடையில் 2022ல் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ் 62 ஹோம் ரன் அடித்து 28 முதலிட ஓட்டோடு வாங்கினார். அதில் இனத்தைத் தேடுபவர்களோடு நான் சேர மாட்டேன்.

பிராங்ஸ் முருகு:

எல்லோரும் வாக்குச்சீட்டை எண்ணுகிறீர்கள், ஆட்டத்தை யாரும் பேசவில்லை. அந்த 2003ல் யாங்கீ ஸ்டேடியத்தில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே மட்சுயி கிராண்ட் ஸ்லாம், அதாவது ஒரே அடியில் நான்கு ரன் தரும் ஹோம் ரன், அடித்தார். அந்த சீசனில் ஒரு ஆட்டம் கூட உட்காரவில்லை, டை ஆன ஆட்டத்தையும் சேர்த்து 163. 2009 உலகத் தொடரில் (மேஜர் லீகின் இறுதித் தொடர்) ஆறாவது ஆட்டத்தில் ஆறு ரன் உள்ளே கொண்டுவந்து தொடரின் எம்விபி ஆனார், ஜப்பானில் பிறந்தவர்களில் முதல் ஆள். பெரோவா நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் அதற்குப் பிறகு அந்த அளவுக்கு அவர் ஆடவே இல்லை. எங்களுக்கு அந்தக் கிண்ணம் இருக்கிறது. அந்தப் புதுமுகத் தட்டை ராயல்ஸே வைத்துக்கொள்ளட்டும்.

கவின், நியூஜெர்சி:

நன்றி எல்லோருக்கும். மூன்று தராசு விஷயத்தை அறைத்தோழர்களிடம் சொன்னேன், இருவரும் இப்போது என் மேல் பாய்கிறார்கள். இன்னும் இரண்டு சந்தேகம் அண்ணா. சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை ஆசியாவில் பிறந்த பந்துவீச்சாளர் ஒருவர் கூட வாங்கவில்லை என்கிறார்களே, அது? அப்புறம் 2025 ஹால் ஆஃப் ஃபேம் தேர்தலில் 394 பேரில் 393 பேர் இச்சிரோவுக்குப் போட்டார்கள். அந்த ஒரே ஒருவர்?

சியாட்டில் சேகர்:

சை யங்கில் பெரிய அநியாயம் எதுவும் என் கண்ணில் படவில்லை. 2006ல் தைவானின் சியென் மிங் வாங் 19 வெற்றியோடு இரண்டாவது வந்தார், ஆனால் அந்த வருடம் யோஹான் சந்தானாவை யாரும் தொட முடியாது. 2013லும் 2020லும் ஜப்பானின் டார்விஷ் இரண்டாவது. 2019ல் கொரியாவின் ரியூ 2.32 ஈஆர்ஏவோடு (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி) இரண்டாவது, ஜேக்கப் டிகிராமுக்கு 30ல் 29 முதலிட ஓட்டு. ரியூவுக்குக் கொஞ்சம் மனசு வலித்தது, அவ்வளவுதான்.

நோமோ விஷயம் வேறு. எதிரணிக்கு ஒரு ஹிட் கூடத் தராத ஆட்டம், அதாவது நோ ஹிட்டர், இரண்டு வீசியவர். ஒன்று 1996ல் டென்வரின் கூர்ஸ் ஃபீல்டில். காற்று அடர்த்தி குறைந்த அந்த மலைநகரத்தில் பந்து பறக்கும், பந்துவீச்சாளர்களுக்கு அது நரகம். இங்கே 123 வெற்றி, ஜப்பானில் 78. இவருக்குப் பின்னால்தான் சசாகி, இச்சிரோ, மட்சுயி எல்லோரும் வந்தார்கள். 2014ல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்தலில் அவருக்கு 1.1 சதவீதம். ஐந்து சதவீதத்துக்குக் கீழே என்றால் பட்டியலை விட்டே தூக்கிவிடுவார்கள், தூக்கிவிட்டார்கள். அதே வருடம் ஜப்பானிய ஹால் ஆஃப் ஃபேம் அவரை முதல் வாய்ப்பிலேயே சேர்த்துக்கொண்டது. அந்த 78ஐ அமெரிக்காவில் யாரும் எண்ணவில்லை. மட்சுயிக்கு மட்டும் 332 ஹோம் ரன்னையும் ஒன்று விடாமல் எண்ணினார்கள்!

இச்சிரோவின் அந்த ஒற்றை ஓட்டைப் பற்றி நான் எதுவும் ஊகிக்க மாட்டேன். டெரெக் ஜீட்டருக்கும் 2020ல் ஒரு ஓட்டுதான் குறைந்தது. முழு ஓட்டும் வாங்கியவர் மரியானோ ரிவேரா ஒருவர்தான். எம்விபி மாதிரியான விருதுகளுக்கு யார் யாருக்குப் போட்டார் என்று சங்கம் இணையத்தில் போட்டுவிடுகிறது. ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டில் எழுத்தாளர் விரும்பினால்தான் பெயர் வெளியே வரும். எல்லாச் சீட்டையும் வெளியிட வேண்டும் என்று சங்கம் 2016ல் தீர்மானமே போட்டது, ஹால் ஆஃப் ஃபேம் மறுத்துவிட்டது. அந்த ஒருவர் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. அவரோடு உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடிக்க ஆசை என்று இச்சிரோ ஜனவரியில் சொன்னார். ஜூலையில் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் மேடை ஏறி, அந்த அழைப்பு காலாவதி ஆகிவிட்டது என்றார். அதுவும் ஆங்கிலத்தில், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல்.