பெரிய வீட்டுச் சொந்தம் குழுவில் ஒரு டீசல் எர்டிகா

சனிக்கிழமை

இரவு 8:12, நான்: மாமா, ஒரு வண்டி பாத்துருக்கேன். எர்டிகா டீசல், 2016 மாடல், 78 ஆயிரம் ஓடியிருக்கு. காஞ்சிரப்பள்ளியில ஒரு புரோக்கர்கிட்ட நிக்குது. ஆறேகால் லட்சம் சொல்றாரு. நாளைக்குப் போயி அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துரலாம்னு இருக்கேன்.

8:13, நான்: (4 படங்கள்)

8:15, அம்மா: கலரு நல்லாருக்கு. அப்பா காலை நீட்டி உக்காரலாமாடா

8:16, தேனி தங்கச்சி: அண்ணே ஆர்சி படம் இருந்தா போடு

8:31, கூடலூர் மாமா: மாப்ள, படத்துல நம்பரைப் பாத்தியா. கேஎல் 41. அது ஆலுவா ரிஜிஸ்ட்ரேஷன்.

8:32, நான்: ஆமா மாமா. அதுல என்ன?

8:36, கூடலூர் மாமா: 2018 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கா. இடுக்கியில செருதோணி அணை ஷட்டர் அஞ்சையும் தெறந்த வருசம். பெரியாறு பெருகி ஆலுவாவுல வீட்டுக்குள்ள எல்லாம் தண்ணி. அப்ப இந்த வண்டிக்கு ரெண்டு வயசு. அன்னைக்கு அது எங்க நின்னுச்சுன்னு தெரியாம ஒத்தப் பைசா குடுக்காத.

8:37, சென்னை தம்பி: மாமா அதெல்லாம் எப்பவோ நடந்தது. இப்ப ஓடுதுல்ல, அப்புறம் என்ன

8:44, கட்டப்பனை பெரியம்மா: ஓடுற வண்டிதான் நடுவழியில நிக்கும்யா. நான் சொல்றேன் கேளு. உன் மாமா, என் தம்பிதான், 2019ல ஒரு டிசையர் வாங்கியாந்தான். உள்ள சென்ட் வாசம் கமகமன்னு இருந்துச்சு. நாலே மாசம். எனக்கு நெஞ்சு வலின்னு ராத்திரி தேனிக்குக் கூட்டிட்டுப் போறான். குமுளி எறக்கத்துல வளைவுல எஞ்சின் நின்னுபோச்சு, லைட்டும் போச்சு. ஒரே இருட்டு. ஸ்டீரிங் திரும்பலக்கான்னு தம்பி கத்துனது இன்னும் காதுல கேக்குது. ஏலத்தோட்டத்து ஜீப்பு ஒண்ணு வந்து ஏத்திக்கிட்டுப் போச்சு. அந்தப் பையன் வரலைன்னா இன்னைக்கு இந்த மெசேஜு இல்ல.

8:49, கூடலூர் மாமா: மறுநாள் டேஷ்போர்டைக் கழட்டிப் பாத்தேன். வயர் கனெக்டர் எல்லாம் பச்சையாப் பூத்துக் கெடந்துச்சு. 22 வருசமா ஜீப்பு எஞ்சின் எறக்கி ஏத்துறவன் நான். வாங்கும்போது எஞ்சினை மட்டும் பாத்தேன், அதுதான் தப்பு. தண்ணியில முங்குன வண்டிக்கு எஞ்சினைச் சரி பண்ணிருவாங்க. வயரைச் சரி பண்ண முடியாது.

8:50, அம்மா: சாமி, வேணாம்டா அந்த வண்டி

8:51, நான்: அம்மா இரும்மா. மாமா, அப்ப எதைப் பாத்துக் கண்டுபிடிக்கிறது?

9:02, கூடலூர் மாமா: சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழு. மேல தெரியிற பெல்ட்டைக் கழுவிருவான், உள்ள சுருண்டு கெடக்குறதைக் கழுவ மாட்டான். தண்ணி ஏறுன அளவுக்குப் பழுப்பாக் கோடு இருக்கும். அப்பறம் ஸ்டெப்னி டயர் வைக்கிற தொட்டியில சேறு இருக்கான்னு பாரு. சீட்டு ஓடுற தண்டவாளத்துல இருக்குற போல்ட்டு துருவா பாரு. கால்மிதி கார்ப்பெட்டைத் தூக்கி அடியில மோந்து பாரு. சென்ட் வாசம் தூக்கலா இருந்தாலே சந்தேகப்படு.

9:04, சென்னை தம்பி: டெல்லி வண்டி வாங்கலாமே? அங்க டீசல் சல்லிசா கெடைக்குது

9:06, கூடலூர் மாமா: அங்க பத்து வருசம் தாண்டுன டீசலை ஓட்டக்கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு, அதான் வெளியூருக்குத் தள்ளிவிட்டாங்க. வேணாம். யாரு ஓட்டுனான்னு நம்மளால போயி விசாரிக்க முடியாது.

9:07, சென்னை தம்பி: அப்ப பிஎஸ் 6 வண்டியா பாருங்க, புதுப் புகை விதிப்படி வந்தது, புதுசா இருக்கும்ல

9:11, கூடலூர் மாமா: 2020 ஏப்ரலோட மாருதி டீசலையே நிறுத்திட்டான்யா. மத்த கம்பெனியில இருக்கு. ஆனா அதுல சைலன்சர் பக்கம் கரி பிடிக்கிற ஃபில்டர் ஒண்ணு வரும். வண்டி சூடாகி நல்லா ஓடுனாத்தான் அந்தக் கரி எரியும். நம்ம மாப்ள தெனமும் கம்பத்துல இருந்து புதுப்பட்டிக்குத்தான் போயிட்டு வர்றான். அடைச்சுக்கும். அடைச்சா செலவு கண்ணைக் கட்டும். இந்தப் பழைய 1248 சிசி எஞ்சின் ஸ்விஃப்ட்லயும் அதேதான், டிசையர்லயும் அதேதான். எந்த ஊருலயும் மெக்கானிக் தெரிஞ்சு வச்சிருப்பான். எஞ்சின் மேல எனக்குக் குறையே இல்ல.

9:15, தேனி தங்கச்சி: அண்ணே நீ அனுப்புன ஆர்சியில பேங்க் பேரு இருக்கு. லோன் முடிஞ்சதுக்கு பேங்க் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), ஆர்சியில பேங்க் பேரை எடுக்குற ஃபார்ம் 35ம் கேளு. கேரளா வண்டிங்கிறதால அந்த ஊரு ஆர்டிஓகிட்ட ஃபார்ம் 28 என்ஓசி தனியா வாங்கணும். பேரு மாத்துற ஃபார்ம் 29, 30ல ஓனரே கையெழுத்துப் போடணும், புரோக்கர் போட்டா ஆகாது. நம்ம ஊரு நம்பருக்கு மாத்தும்போது இங்க வரி தனியா கட்டணும், அதையும் வெலையோட கூட்டிப் பாரு. பரிவாகன் ஆப்ல நம்பர் போட்டு சலான் பாக்கி இருக்கான்னு நான் பாத்துச் சொல்றேன்.

9:16, நான்: சரிம்மா

9:24, கூடலூர் மாமா: இப்ப முக்கியமானதைச் சொல்றேன். டீசல் வண்டியை ஆறிப்போயி கெடக்கும்போதுதான் பாக்கணும். போனதும் மொதல்ல பானெட்டுல கை வையி. சூடா இருந்துச்சுன்னா நீ வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான். சூடான எஞ்சின் எல்லா நோவையும் மறைச்சிரும். ஆறுன எஞ்சின் மொத அஞ்சு நிமிசத்துல எல்லாத்தையும் சொல்லிரும். எஞ்சினுக்குள்ள இருக்குற டைமிங் செயின் தொய்ஞ்சிருந்தா ஸ்டார்ட் ஆன ஒடனே கடகடன்னு கேக்கும். வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து அடங்குனா சரி. சூடான பெறகும் நிக்காம வந்தா எஞ்சினை ஆத்துற கூலன்ட் தண்ணி உள்ள எறங்குது. நீலப் புகைன்னா ஆயில் எரியுது. மிதிச்ச ஒடனே ஒரு மூச்சு கருப்பு வந்தா பயப்படாத, விடாம வந்தாத்தான் தப்பு.

9:27, கூடலூர் மாமா: எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியைத் திருகி எடுத்து, அதே ஓட்டை மேல கவுத்து வையி. லேசா ஆடுனா சரி. துள்ளி விழுந்துச்சுன்னா பிஸ்டன் ரிங் போச்சுன்னு அர்த்தம், பேசாம வந்துரு. கூலன்ட் மூடியை மட்டும் சூட்டுல தெறக்காத, மூஞ்சி வெந்துரும்.

9:29, நான்: மாமா நீங்களே வாங்க. எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாது.

9:30, கூடலூர் மாமா: நாலு மணிக்கு லோயர் கேம்ப்ல நிக்கிறேன். ஏழுக்குள்ள அங்க இருக்கணும். வண்டியைத் தொடாதீங்கன்னு அந்தாளுகிட்ட இப்பவே சொல்லிரு.

ஞாயிற்றுக்கிழமை

காலை 7:08, நான்: வந்துட்டோம். பானெட்டு சில்லுன்னு இருக்கு. சொன்ன பேச்சைக் கேட்டுருக்காரு.

7:21, நான்: மொத தடவையிலேயே ஸ்டார்ட் ஆச்சு. சத்தம் இல்ல. மாமா மூடியைக் கவுத்து வச்சாரு, நடுங்குது, துள்ளல. டிப்ஸ்டிக்ல ஆயிலும் சுத்தமா இருக்கு.

7:22, அம்மா: முருகா. நல்ல சேதியா வரட்டும்

7:58, நான்: முண்டக்கயம் தாண்டி குட்டிக்கானம் ஏத்தத்துல மாமா ஓட்டிப் பாத்தாரு. மூணாவது கியர்ல ரெண்டாயிரம் ஆர்பிஎம் வந்ததும் பின்னாடி ஆளு தள்ளுற மாதிரி இழுக்குது. கிளட்ச்சும் வழுக்கல.

8:01, சென்னை தம்பி: அப்ப முடிச்சிரு

8:35, நான்: (படம்)

8:36, நான்: முன் சீட்டு பெல்ட்டோட அடியில தச்சிருக்குற லேபிள் இது. அக்டோபர் 2018ன்னு இருக்கு. வண்டியோ 2016. ரெண்டு பெல்ட்டும் அப்படித்தான்.

8:37, தேனி தங்கச்சி: வண்டிக்கு அப்பறமா பெல்ட்டு பொறந்துருக்கே 😟 ஆக்சிடென்ட்டா இருக்குமோ?

8:41, நான்: (படம்)

8:43, கூடலூர் மாமா: இது மூணாவது வரிசை பெல்ட்டு. அதை மட்டும் மாத்தல, யாரு இழுத்துப் பாப்பாங்கன்னு விட்டுட்டாங்க. முக்கால்வாசி இழுத்ததும் வருது பாருங்க, சேத்துக் கோடு. நகத்தால சொரண்டுனேன், மாவு மாதிரி உதிருது.

8:44, கட்டப்பனை பெரியம்மா: கெளம்பி வாங்கப்பா

8:52, கூடலூர் மாமா: அந்தாளுகிட்ட காட்டுனேன். அவருக்கே தெரியாது போல, மொகம் வாடிப்போச்சு. அவரும் யாருகிட்டயோ வாங்குனவருதான். எஞ்சின் இம்புட்டு நல்லா இருந்தும் விட்டுட்டு வர்றதுக்கு மனசு அடிச்சுக்குது. ஆனா இந்த வண்டியில அக்காவை ராத்திரி மலையில கூட்டிட்டுப் போவமான்னு என்னை நானே கேட்டுக்கிட்டேன்.

8:53, அம்மா: அதுதான்டா கேள்வி. வாங்க, தோசை சுட்டு வைக்கிறேன்

8:59, நான்: மாமாவுக்குத் தெரிஞ்ச ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் உத்தமபாளையத்துல இருக்காராம். டிஎன் 60 டிசையர் டீசல், மொத ஓனர், ஷோரூம் சர்வீஸ் பில்லு எல்லாம் ஃபைல்ல வச்சிருக்காராம். புதன்கெழமை காலையில ஆறு மணிக்கு வர்றோம்னு சொல்லியாச்சு.

9:00, நான்: அவருக்கும் சொல்லிட்டோம், அதுவரைக்கும் சாவியே போடக்கூடாதுன்னு.